ஜோ ஹாரியட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாரு இந்த ஜோ ஹாரியட்?

ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசிச்சவரு, லண்டன்ல சொந்தமா பேண்ட் வச்சு நடத்தினவரு. 1928 ஜூலை 15ல ஜமைக்கா தலைநகரம் கிங்ஸ்டன்ல பொறந்தாரு, 1973 ஜனவரி 2ல இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன்ல இறந்தாரு, 44 வயசு தான். பிரிட்டிஷ் ஜாஸ்னு சொன்னா ரானி ஸ்காட், ஜானி டாங்க்வொர்த், டபி ஹேஸ்னு தான் முதல்ல பேரு வரும், அவங்க எல்லாருமே பெரிய ஆளுங்க தான், ஆனா பத்தே வருஷத்துக்குள்ள ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மூணு வழியில போய் மூணுலயும் உருப்படியா ரெக்கார்டு பண்ணி வச்சது ஹாரியட் ஒருத்தரு தான்னு நான் நினைக்கிறேன். முதல்ல பீபாப்னு சொல்ற வேகமான ஜாஸ் பாணி, அப்புறம் அவரே யோசிச்சு உண்டாக்கின ஃப்ரீ ஃபார்ம், அதுக்கப்புறம் நம்ம ராகங்களோட ஜாஸ். இவ்வளவு பண்ணவருக்கு கடைசில தங்குறதுக்கு நிலையான ஒரு இடம் கூட இல்லாம போச்சு, அதனால தான் இவரைப் பத்தி யாராவது கேட்டா நான் கொஞ்சம் நீளமாவே பேசிடுவேன்.

ஜமைக்காக்காரரை எப்படி பிரிட்டிஷ்னு சொல்றீங்க?

அவரு கப்பல் ஏறினப்போ ஜமைக்கா பிரிட்டன் காலனி தான், சுதந்திரம் கிடைச்சது 1962ல. 1948ல வந்த குடியுரிமைச் சட்டப்படி காலனில இருந்த ஜனங்களும் பிரிட்டன் குடிமக்கள் தான். அந்தக் காலத்துல கரீபியன்ல இருந்து ஆயிரக்கணக்குல பேரு பிரிட்டனுக்கு வேலை தேடி வந்தாங்க, பஸ் ஓட்ட, ஆஸ்பத்திரில வேலை பார்க்க, ஃபேக்டரிக்குன்னு, அதுல மியூசிஷியன்களும் நிறைய பேரு. ஹாரியட் பேரு வாங்கினது, பேண்ட் ஆரம்பிச்சது, ரெக்கார்டு போட்டது எல்லாமே இங்கிலாந்துல தான். அதுக்காக ஜமைக்காவை அவருகிட்ட இருந்து கழிச்சுட முடியாது, அவரோட முக்கியமான ஆல்பத்துலயே ‘கலிப்ஸோ ஸ்கெட்சஸ்’னு ஒரு டிராக் இருக்கு, கலிப்ஸோங்கிறது கரீபியன் பாட்டு வகை.

சின்ன வயசு எப்படி?

அம்மா அப்பா துணை இல்லாம வளர்ந்த பையன். கிங்ஸ்டன்ல ஆல்ஃபா பாய்ஸ் ஸ்கூல்னு ஒண்ணு இருந்துச்சு, கத்தோலிக்க கன்னியாஸ்திரிகள் நடத்தினது, ஆதரவு இல்லாத பசங்களையும் வீட்டுல வச்சு சமாளிக்க முடியாத பசங்களையும் சேர்த்து படிப்போட ஒரு கைத்தொழிலும் கத்துக் குடுக்குற இடம். தையல், தச்சு, அச்சு வேலை மாதிரி அங்க பேண்ட் வாசிக்கிறதும் ஒரு தொழிலா தான் கத்துக் குடுத்தாங்க, நோட்டேஷன் படிக்கணும், நேரத்துக்கு பிராக்டிஸுக்கு வரணும், ஒழுங்கு ரொம்பக் கறார். அந்த ஒரே ஸ்கூல்ல இருந்து ட்ராம்போன் டான் டிரம்மண்ட், சாக்ஸ் டாமி மெக்குக், ட்ரம்பெட் டிஸ்ஸி ரீஸ், டெனர் சாக்ஸ் வில்டன் கேனேர்னு வரிசையா ஆளுங்க வந்தாங்க. ஜமைக்காவோட ஸ்கா இசைக்கு அடித்தளம் போட்ட பல பேரு அங்க படிச்சவங்க தான். ஹாரியட் கைல முதல்ல குடுத்தது கிளாரினெட், சாக்ஸபோன் அப்புறம் தான். ஸ்கூலை விட்டு வெளிய வந்ததும் கிங்ஸ்டன் டான்ஸ் பேண்டுகள்ல வாசிச்சு சம்பாதிச்சாரு.

லண்டனுக்கு எப்போ வந்தாரு?

1951. ஆஸி டகோஸ்டாவோட பேண்ட்ல ஒருத்தரா டூர் வந்தவரு திரும்பிப் போகலை. லண்டன்ல ஸோஹோ ஏரியா க்ளப்கள்ல ராத்திரி முழுக்க வாசிச்சு சீக்கிரமே ஆளுங்க கவனிக்கிற மாதிரி ஆயிட்டாரு. 1954ல ட்ரம்மர் டோனி கின்ஸியோட குரூப், 1955ல ரானி ஸ்காட் நடத்தின பெரிய பேண்ட், இப்படி அப்போதைய முன்னணி ஆளுங்களோட வேலை. ஆனா அது கறுப்பு ஆளுங்களுக்கு வாடகைக்கு ரூம் கூட குடுக்காத லண்டன், போர்டுலயே எழுதி மாட்டி வச்சிருந்த காலம். மேடைல கைதட்டல் வாங்கிட்டு கீழ இறங்கினா ராத்திரி எங்க படுக்கிறதுங்கிறதே கேள்வி தான்.

ஆல்ட்டோன்னா எது, சினிமா பாட்டுல கேட்கிற சாக்ஸா?

கத்ரி கோபால்நாத் கர்நாடக சங்கீதம் வாசிச்சாரே, அது தான் ஆல்ட்டோ. டெனரை விட சின்னது, சுருதி கொஞ்சம் மேல, குரல் கூர்மையா இருக்கும்.

‘பிரிட்டனோட சார்லி பார்க்கர்’னு சொல்றாங்களே?

சொல்றாங்க, எனக்கு அந்தப் பட்டம் பிடிக்கவே பிடிக்காது. பார்க்கர் தான் பீபாப்னு சொல்ற வேகமான, சிக்கலான ஜாஸ் பாணியை உண்டாக்கினவங்கள்ல முதல் ஆளு, ஹாரியட் உட்பட அந்தத் தலைமுறை ஆல்ட்டோ வாசிச்ச எல்லாருமே அவரோட ரெக்கார்டைக் கேட்டுத் தான் கத்துக்கிட்டாங்க. ரெக்கார்டைக் கேட்டுத்தான்னு சொல்றேன், ஏன்னா அமெரிக்க மியூசிஷியன்கள் பிரிட்டன்ல வந்து வாசிக்க 1935ல இருந்து கிட்டத்தட்ட இருபது வருஷம் தடை இருந்துச்சு, உள்ளூர் ஆளுங்க வேலை போயிடும்னு மியூசிஷியன்ஸ் யூனியன் அழுத்தம் குடுத்து கவர்ன்மெண்டும் பர்மிட் குடுக்காம விட்டுடுச்சு, அந்தத் தடை தளர்றதுக்குள்ள 1955 மார்ச்சுல பார்க்கரே போய்ச் சேர்ந்துட்டாரு, பிரிட்டன் மேடைல அவரு வாசிச்சதே இல்லை. அதனால லண்டன்ல பீபாப் கத்துக்கிட்டதுன்னா ஊசி தேயத் தேய ரெக்கார்டைப் போட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டது தான்.

ஹாரியட் வாசிப்புல பார்க்கர் இருக்காரு, இல்லைன்னு சொல்லலை. ஆனா அந்த டோன் வேற. அதுல ஒரு அழுகையும் ஒரு அதட்டலும் சேர்ந்தே இருக்கும், நோட்டை நேரா பிடிக்காம கீழ இருந்து இழுத்துக் கொண்டு வந்து நிறுத்துவாரு, பாலட்னு சொல்ற மெதுவான பாட்டு வாசிக்கும்போது சர்ச்ல பாதிரியார் குரலை உயர்த்திப் பேசுற மாதிரி ஒரு தோரணை வரும். பார்க்கர் பத்தி அவரே சொன்னதா ஒரு வாசகம் இருக்கு, சவுத்தாம்ப்டன் பக்கத்துல பிட்டர்ன் சர்ச் கல்லறைத் தோட்டத்துல அவரோட கல்லுல அதைத் தான் செதுக்கி இருக்காங்க. பார்க்கரா, இங்கயும் சில பேரு துருப்புச் சீட்டு இறக்குவாங்கங்கிற தொனியில வரும். அவரோட கர்வம் எவ்வளவு நேரானதுன்னு அதுலயே தெரியும்.

சொந்த பேண்ட் எப்போ ஆரம்பிச்சாரு, யாரெல்லாம் இருந்தாங்க?

1950களோட கடைசில குவின்டெட், அதாவது அஞ்சு பேரு. ஆரம்பத்துல ஹாங்க் ஷா ட்ரம்பெட், ஹாரி சவுத் பியானோ. ஹாரியட் தன்னோட புது யோசனையை எடுத்துட்டு வந்ததும் இவங்க ரெண்டு பேரும் விலகிட்டாங்க. அப்புறம் அமைஞ்ச டீம் தான் சரித்திரம் ஆன டீம், ஒவ்வொருத்தரைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும்.

ட்ரம்பெட்டும் ஃப்ளூகல்ஹார்னும் ஷேக் கீன், செயின்ட் வின்சென்ட் தீவுக்காரரு, அவரு கவிஞரும் கூட, ஷேக்ஸ்பியர்ங்கிற பட்டப்பேரு சுருங்கி ஷேக் ஆச்சு. பியானோ பாட் ஸ்மைத், எடின்பரோக்காரரு, சட்டம் படிச்சு வக்கீல் தொழிலை விட்டுட்டு வந்தவரு. டபுள் பாஸ் கோல்ரிட்ஜ் குட், இவரும் கிங்ஸ்டன்ல பொறந்தவரு, 1934ல கிளாஸ்கோவுக்கு இன்ஜினியரிங் படிக்க வந்து பாஸ் பக்கம் சாஞ்சவரு, 1946லயே ஜாங்கோ ரைன்ஹார்ட், ஸ்டெஃபான் க்ரபேலியோட லண்டன்ல ரெக்கார்டு பண்ணவரு, 2015ல நூறு வயசுல தான் காலமானாரு. ட்ரம்ஸ் ஃபில் சீமன், பிரிட்டன்ல அந்தக் காலத்து ட்ரம்மர்கள்ல தலைசிறந்தவருன்னு பல பேரு சொல்ற ஆளு, ‘அப்ஸ்ட்ராக்ட்’ ஆல்பத்துல ஒரு பாதிக்கு பாபி ஓர் ட்ரம்ஸ். கரீபியன்ல இருந்து மூணு பேரு, ஸ்காட்லாந்து ஒருத்தரு, இங்கிலாந்து ஒருத்தரு, 1960ல லண்டன்ல இப்படி ஒரு மேடை பார்க்கிறது சாதாரண விஷயம் இல்லை.

அந்த ‘புது யோசனை’ என்ன? ஃப்ரீ ஃபார்ம்னா என்ன?

இது தான் இவரோட வாழ்க்கைல நடுவான விஷயம், கொஞ்சம் பொறுமையா படிங்க.

சாதாரண ஜாஸ்ல ஒரு பாட்டு எப்படிப் போகும்னா, முதல்ல எல்லாரும் சேர்ந்து தீம் வாசிப்பாங்க, அதுக்கு அடியில ஒரு கார்ட் வரிசை இருக்கும், கார்ட்னா சேர்ந்து ஒலிக்கிற சில ஸ்வரங்கள், அதே வரிசை சுத்திச் சுத்தி வரும், அதுக்கு மேல சாக்ஸ் ஒரு சோலோ, ட்ரம்பெட் ஒரு சோலோ, பியானோ ஒரு சோலோ, கடைசில மறுபடி தீம். பாஸும் ட்ரம்ஸும் நிக்காம தாளத்தைப் பிடிச்சுட்டே இருக்கும். எங்க என்ன வரும்னு கேட்கிறவங்களுக்கு ஓரளவு தெரிஞ்சிடும்.

ஹாரியட் கேட்டது என்னன்னா, இதுல எது இல்லாம போனாலும் பாட்டு நிக்குமா? நிலையான தாளம், ஒரே டெம்போ, தீம், கார்ட் வரிசை, இத்தனை பார் (தாளக் கட்டம்)னு அளந்த அளவு, இதுல ஏதாவது ஒண்ணையாவது ஒவ்வொரு பாட்டுலயும் வச்சுக்கறோம், மத்ததெல்லாம் அந்த நேரத்து மூடுக்குத் தேவைப்பட்டா விட்டுடுவோம்னு ஆல்பம் அட்டைல அவரே விளக்கி இருக்காரு. நிறைய பேரு ஃப்ரீ ஜாஸ்னா எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு ஆளாளுக்குக் கத்துறதுன்னு நினைக்கிறாங்க, ஹாரியட் சொன்னது அது இல்லவே இல்லை, ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு மத்ததை விடுறது, எதைப் பிடிக்கிறதுன்னு பாட்டுக்குப் பாட்டு மாறும்.

கேட்டுப் பார்த்தீங்கன்னா புரியும். தாளம் நல்லா ஓடிட்டே இருக்கும், திடீர்னு ட்ரம்ஸ் நின்னுடும், சாக்ஸ் ஒரு சின்ன வாக்கியம் வாசிச்சுட்டு நிறுத்தும், ஒரு மௌனம், அதுக்கு பியானோ வேற இடத்துல இருந்து பதில் சொல்லும், பாஸ் வில்லால இழுத்து அதுக்குக் கீழ ஒரு கோடு போடும், மறுபடி எல்லாரும் ஒண்ணா ஸ்விங்ல ஏறிடுவாங்க. யாரு சோலோ, யாரு பக்கவாத்தியம்னு பிரிக்கவே முடியாது. அந்த மௌனங்கள் தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, அஞ்சு பேரும் ஒருத்தரை ஒருத்தர் எவ்வளவு உன்னிப்பா கேட்டிருந்தா அந்த இடத்துல ஒண்ணா நிறுத்த முடியும்!

இந்த யோசனை அவருக்கு எப்படி வந்துச்சு?

1950கள் முடியுற நேரத்துல நுரையீரல் நோய் வந்து ஆஸ்பத்திரில ரொம்ப நாள் கிடந்தாரு. ஊதுற வாத்தியக்காரருக்கு நுரையீரல் போச்சுன்னா தொழிலே போச்சு, அப்படி ஒரு நிலைமைல படுக்கைல கிடந்தபடியே தான் இந்த இசையை யோசிச்சு உருவம் குடுத்தாரு. வெளிய வந்து பேண்ட்கிட்ட சொன்னப்போ தான் ரெண்டு பேரு கிளம்பிட்டாங்க, மத்தவங்க நின்னாங்க. ஓவியத்தோட அவரு இதை ஒப்பிட்டுப் பேசுவாரு, உருவம் இல்லாத நவீன ஓவியம் மாதிரி ஒலியால வரையணும்னு. டிராக் பேரெல்லாம் பாருங்க, ‘ஃபார்மேஷன்’, ‘இம்ப்ரெஷன்’, ‘பேரலல்’, ‘ஸ்ட்ரெய்ட் லைன்ஸ்’, ‘ஷேடோஸ்’, ‘பிக்சர்ஸ்’. காதல் பாட்டுப் பேரே கிடையாது.

ஆர்னெட் கோல்மனைப் பார்த்து காப்பி அடிச்சாருன்னு சொல்றாங்களே, உண்மையா?

இல்லை. ஆனா தேதியை வச்சு மட்டும் இதை வாதாட முடியாது, ஏன்னா அமெரிக்க ஆல்ட்டோ கலைஞர் கோல்மன் அங்க 1959லயே பெரிய பரபரப்பு கிளப்பிட்டாரு, ஹாரியட்டோட ‘ஃப்ரீ ஃபார்ம்’ங்கிற ஆல்பம் ரெக்கார்டு ஆனது 1960 நவம்பர்ல. கோல்மனோட ‘ஃப்ரீ ஜாஸ்’ங்கிற பேருலயே வந்த ஆல்பம் ரெக்கார்டு ஆனது அதுக்கு அடுத்த மாசம், 1960 டிசம்பர். ரெண்டு பேரும் ஆல்ட்டோ, ரெண்டு பேரும் கறுப்பினத்தவங்க, ரெண்டு பேரும் ஒரே காலம், அதனால பத்திரிகைக்காரங்களுக்கு ஒருத்தரை இன்னொருத்தரோட நிழல்னு எழுதுறது சுலபமா போச்சு. கோல்மனைப் பின்பத்தலைன்னு ஹாரியட் தெளிவா சொல்லிட்டே இருந்தாரு.

காதால கேட்டா விஷயம் தீர்ந்திடும். கோல்மனோட ஆரம்பகால குரூப்ல பியானோ கிடையாது, கார்டை விட்டாலும் பாஸும் ட்ரம்ஸும் பெரும்பாலும் ஓடிட்டே இருக்கும், அதுக்கு மேல ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா சோலோ வரும். ஹாரியட்கிட்ட பியானோ உள்ளேயே இருக்கு, தாளமே நின்னு நின்னு மாறுது, அஞ்சு பேரு கூட்டா பேசுறது தான் பாட்டு. போன பாதையே வேற.

அப்போ அந்த ஆல்பம் எல்லாம் எப்படிப் போச்சு?

‘ஃப்ரீ ஃபார்ம்’ 1961, அடுத்து ‘அப்ஸ்ட்ராக்ட்’, அப்புறம் ‘மூவ்மெண்ட்’. ‘அப்ஸ்ட்ராக்ட்’ அமெரிக்காவுலயும் வெளிவந்து டவுன்பீட்ங்கிற அமெரிக்க ஜாஸ் பத்திரிகைல அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார் வாங்குச்சு, விமர்சனம் எழுதினது ஹார்வி பீகார், பின்னாடி காமிக்ஸ் எழுதி பேர் வாங்கின அதே ஆளு தான். ஜாஸ் பொறந்த நாட்டுலயே இப்படி ஒரு மரியாதை, ஆனா லண்டன்ல கூட்டம் சேரலை. மத்த மியூசிஷியன்கள்ல பாதி பேரு இது என்ன இசையான்னு கேட்டாங்க. அதனால மேடைல பாதி நேரம் வழக்கமான பீபாப், நடுவுல கொஞ்சம் ஃப்ரீ ஃபார்ம்னு தான் அவரால ஓட்ட முடிஞ்சுது. 1964ல ஒரு மியூசிக்கல் நாடகத்துப் பாட்டுகளை எடுத்து ‘ஹை ஸ்பிரிட்ஸ்’னு ஒரு ஆல்பம் போட்டதும் இதே நெருக்கடில தான்னு எனக்குத் தோணுது. 1965ல ஷேக் கீன் ஜெர்மனில நிரந்தர வேலை கிடைச்சுப் போயிட்டாரு, அவரைத் தப்பு சொல்ல முடியாது, சம்பளம் மாசாமாசம் வர்ற ரேடியோ ஆர்கெஸ்ட்ரா. அதோட அந்த டீம் முடிஞ்சுது.

இந்திய ராகத்துக்கு எப்படி வந்தாரு?

ஜான் மேயர் மூலமா. மேயர் கல்கத்தாவுல பொறந்தவரு, அப்பா ஆங்கிலோ இந்தியர், அம்மா தமிழ். வயலின் வாசிப்பாரு, இசை எழுதுவாரு, ஸ்காலர்ஷிப்ல 1952ல லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்குக்கு வந்தாரு, அப்புறம் லண்டன் ஃபில்ஹார்மோனிக், ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராக்கள்ல வயலின் வேலை. ராகத்தையும் மேற்கத்திய கிளாசிக்கல் எழுத்து முறையையும் சேர்க்கிறது தான் அவரோட ரொம்ப நாள் ஆசை. ஹாரியட்டோட ரெக்கார்டுகளைத் தயாரிச்ச டெனிஸ் ப்ரெஸ்டன், லான்ஸ்டவுன் ஸ்டூடியோக்காரரு, மேயரையும் ஹாரியட்டையும் ஒண்ணா உட்கார வச்சாரு.

அப்படி வந்தது தான் டபுள் குவின்டெட், பத்து பேரு. ஒரு பக்கம் ஆல்ட்டோ, ட்ரம்பெட், பியானோ, பாஸ், ட்ரம்ஸ். இன்னொரு பக்கம் சிதார் திவான் மோதிஹார், தபேலா கேசவ் சாத்தே, தம்புரா, ஃப்ளூட் கிறிஸ் டெய்லர், வயலினும் ஹார்ப்சிகார்டும் மேயரே. முதல் ஆல்பம் ‘இண்டோ ஜாஸ் சூட்’ 1965 அக்டோபர்ல ரெக்கார்டு ஆச்சு. அதே மாசம் அதே லண்டன்ல தான் பீட்டில்ஸ் முதல் தடவையா ஒரு பாட்டுல சிதார் சேர்த்தாங்க, ஆக ஃபேஷன் பார்த்து இவங்க கிளம்பலை.

ராகத்தை ஜாஸ்காரங்க எப்படி வாசிச்சாங்க?

மேயர் முழுசா எழுதிக் குடுத்துடுவாரு. இந்த ராகம், இந்த ஸ்வரங்கள், தாளச் சுத்து இத்தனை எண்ணிக்கைன்னு கட்டம் போட்டுட்டு, சோலோவுக்கு மட்டும் இடம் விடுவாரு. அடியில தம்புரா சுருதி தான், கார்ட் மாறாது, ஜாஸ்காரங்களுக்கு அது தான் சவால், ஏன்னா அவங்க கை கார்டைத் தேடியே பழகினது.

முதல் ஆல்பத்துல ‘ராக மேகா’ன்னு ஒரு டிராக் இருக்கு, இந்துஸ்தானில மழைக்கால ராகம் மேக். நம்ம ஊர்ல மத்யமாவதி கேட்டவங்களுக்கு அந்த ஸ்வரங்கள் புதுசு இல்லை, ஸ ரி ம ப நி அதே தான், போக்கு மட்டும் வேற. 1967ல வந்த ‘இண்டோ ஜாஸ் ஃப்யூஷன்ஸ்’ல ‘முல்தானி’ இருக்கு, அது தோடி தாட்ல (தாட்னா இந்துஸ்தானில மேளம் மாதிரி) வர்றது, நம்ம கணக்குல சுபபந்துவராளி மேளத்து ஸ்வரங்கள், ஏறும்போது ரிஷபமும் தைவதமும் விட்டுடும். கர்நாடக சங்கீதக் காது இருக்கிறவங்க இந்த ரெண்டையும் முதல்ல கேளுங்க, ஹாரியட் எங்க ராகத்துக்குள்ள நிக்கிறாரு, எங்க ப்ளூஸ் பக்கம் சறுக்கிடுறாருன்னு நல்லா தெரியும், கமகம்னு நாம சொல்றது அவருக்குத் தெரியாது, ஆனா அவரோட அந்த இழுப்பு ராகத்துக்குப் பொருந்திப் போயிடுது.

அப்போ ஷக்திக்கு முன்னாடியே இவங்களா?

பத்து வருஷம் முன்னாடி. ஜான் மெக்லாஃப்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் சேர்ந்து ராகத்தையும் ஜாஸையும் கலந்த ஷக்தி குரூப் 1970களோட நடுவுல. ‘இண்டோ ஜாஸ் சூட்’ல பாஸ் வாசிச்ச ரிக் லேர்ட் பின்னாடி மெக்லாஃப்லினோட ஜாஸ்-ராக் பேண்டான மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவுல சேர்ந்தாரு. ஆனா முதல் முதல்ல இந்திய இசையையும் ஜாஸையும் சேர்த்தது இவங்கன்னு சொல்றதும் சரியில்லை, ரவி சங்கர் 1960களோட தொடக்கத்துலயே அமெரிக்க ஃப்ளூட் கலைஞர் பட் ஷாங்க்கோட ரெக்கார்டு பண்ணியிருக்காரு. இவங்க வித்தியாசம் என்னன்னா ஒரு நாள் சேர்ந்து வாசிச்சுட்டுப் போகாம, நிரந்தரமான ஒரு குரூப்பா வருஷக்கணக்குல மேடையேறி மூணு ஆல்பம் போட்டாங்க. மேயர் எழுதின ‘அக்கா ராகா’ பிபிசியோட ‘ஆஸ்க் தி ஃபேமிலி’ன்னு ஒரு க்விஸ் ப்ரோக்ராமுக்கு டைட்டில் மியூசிக் ஆச்சு, ஜாஸே கேட்காத குடும்பங்கள் கூட வாராவாரம் சிதார் கேட்டுட்டு இருந்தாங்க.

இந்த ஆல்பங்கள் உண்மையிலயே நல்லா இருக்கா?

பாதி பாதி. மேயர் எழுதினது சில இடத்துல ரொம்ப இறுக்கமா இருக்கு, ரெண்டு குரூப்பும் மாத்தி மாத்தி வாசிக்குதே தவிர கலக்கலையேன்னு தோணும். அந்த இறுக்கத்தை உடைச்சுக்கிட்டு ஹாரியட் சோலோ வர்ற இடங்கள் தான் உயிர். ஃப்ரீ ஃபார்ம் அவரு கண்டது, இது மேயர் கண்டது, அதுல அவரு முக்கியமான குரல், அவ்வளவு தான்னு நான் பிரிச்சுப் பார்ப்பேன்.

என்னைக் கேட்டா இந்திய வழில ஹாரியட் பண்ணதுல சிறந்தது 1969ல வந்த ‘ஹம் தோனோ’. அது அமான்சியோ டி சில்வாங்கிற கிட்டாரிஸ்டோட சேர்ந்து பண்ணது. டி சில்வா கோவா வம்சாவளி, பம்பாய்ல பொறந்து இந்தியாவுல ஹோட்டல், க்ளப்னு ஜாஸ் வாசிச்சு, ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவியோட ஆதரவு கிடைச்சு, 1967ல லண்டன் வந்தவரு. இதுல சிதாரும் இல்லை தபேலாவும் இல்லை! ஆல்ட்டோ, கிட்டார், ட்ரம்பெட் வகைல இயன் கார், பாஸ் டேவ் க்ரீன், ட்ரம்ஸ் ப்ரையன் ஸ்ப்ரிங், அப்புறம் நார்மா வின்ஸ்டன் வார்த்தை இல்லாம குரலையே வாத்தியமா பாடுறாங்க. ராகத்தோட வாசனை கிட்டார் வழியா உள்ள வருது, யாரும் யாருக்கும் இடம் விட்டு நிக்கலை, எல்லாம் ஒண்ணா ஓடுது. ‘ஜெய்ப்பூர்’, ‘பாலட் ஃபார் கோவா’ ரெண்டையும் ராத்திரி அமைதியா இருக்கிறப்போ போட்டுக் கேளுங்க. ரொம்ப வருஷமா இந்த ஆல்பம் கிடைக்கவே இல்லை, பழைய எல்பியை கலெக்டர்கள் பெரிய விலை குடுத்து வாங்கினாங்க.

கவிதையோட சேர்ந்து வாசிச்சதா சொல்றாங்களே?

ஆமா, பியானோ கலைஞர் மைக்கேல் காரிக் 1960கள்ல கவிஞர்கள் மேடைல படிக்க, நடுவுல ஜாஸ் வாசிக்கிற நிகழ்ச்சிகள் நடத்தினாரு, அதுல ஹாரியட்டும் ஷேக் கீனும் இருந்தாங்க. காரிக்கோட ‘ப்ராமிசஸ்’, ‘அக்டோபர் வுமன்’, ‘ப்ளாக் மேரிகோல்ட்ஸ்’ ஆல்பங்கள்லயும் ஹாரியட் இருக்காரு.

கடைசி வருஷங்கள் எப்படி?

சொல்றதுக்கே கஷ்டமா இருக்கு. 1960கள் முடியும்போது மேயரோட கூட்டு முடிஞ்சுது, சொந்தமா நிலையான பேண்ட் இல்லை. ராக் இசை வந்ததும் ஜாஸ் க்ளப் வேலை பொதுவாவே குறைஞ்சிடுச்சு. ஹாரியட் தனியா சாக்ஸ் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா போவாரு, அந்தந்த ஊர் பப்ல இருக்கிற உள்ளூர் பியானோ, பாஸ், ட்ரம்ஸ் ஆளுங்களோட விருந்தாளி மாதிரி ஒரு ராத்திரி வாசிச்சுட்டு குடுக்கிற காசை வாங்கிட்டு அடுத்த ஊர். தெரிஞ்சவங்க வீட்டுல படுத்துக்கிறது. ஒத்திகையே இல்லாத ஆளுங்களோட ஃப்ரீ ஃபார்மா வாசிக்க முடியும்? எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய ஸ்டாண்டர்ட் பாட்டுகளைத் தான் வாசிச்சாகணும், அஞ்சு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டு உண்டாக்கின இசைக்காரருக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை. உடம்பும் கெட்டுடுச்சு, புற்றுநோய். சவுத்தாம்ப்டன்ல ஆஸ்பத்திரில இறந்தாரு. அதே வருஷம் ஜூன்ல டபி ஹேஸும் 38 வயசுல இதய ஆபரேஷன்ல போயிட்டாரு, பிரிட்டிஷ் ஜாஸுக்கு அந்த வருஷம் ரொம்ப மோசமான வருஷம்.

அவருக்கு ஏன் அப்போ மதிப்பு கிடைக்கலை? நிறவெறியா?

அது இல்லாம இருக்குமா? ஆனா அது ஒண்ணு மட்டும்னு சொல்லி முடிச்சுடவும் முடியாது. பிரிட்டன்ல அப்போ ஜாஸ்னா அமெரிக்காவுல இருந்து வர்றது தான் அசல், இங்க இருக்கிறவங்க அதை நல்லா பின்பத்தினா போதும்ங்கிற எண்ணம் ரசிகர்கள்கிட்டயும் இருந்துச்சு, வாசிக்கிறவங்ககிட்டயும் இருந்துச்சு. அந்த ஊர்ல உட்கார்ந்து நான் புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன்னு சொன்னா யாரு நம்புவாங்க, அதுவும் காலனில இருந்து வந்த ஒரு கறுப்பு மனுஷன் சொன்னா. அவரோட சுபாவமும் அவ்வளவு வளைஞ்சு குடுக்கிறது இல்லை, தன் இசையைப் பத்தி யாருகிட்டயும் இறங்கிப் பேச மாட்டாரு, க்ளப் ஓனருங்களுக்கு அது பிடிக்காது. இன்னொண்ணு, ரெக்கார்டுகள் மார்க்கெட்ல இருந்து காணாம போச்சு, மறுபதிப்பு வர பல வருஷம் ஆச்சு, கேட்கிறதுக்கே கிடைக்காத இசையை அடுத்த தலைமுறை எப்படித் தெரிஞ்சுக்கும்?

இப்போ நிலைமை மாறிடுச்சா?

நல்லாவே. சிகாகோவுல சாக்ஸ் கலைஞர் கென் வாண்டர்மார்க் 1999ல ஹாரியட்டோட ஃப்ரீ ஃபார்ம் பாட்டுகளை மட்டும் எடுத்து ‘ஸ்ட்ரெய்ட் லைன்ஸ்’னு ஒரு ஆல்பமே பண்ணாரு, பியானோ இல்லாத குரூப்ல அந்தப் பாட்டுகள் எப்படி நிக்குதுன்னு கேட்க ஆர்வமா இருக்கும். ஜான் மேயர் பர்மிங்ஹாம் கன்சர்வேட்டரில பாடம் எடுத்துக்கிட்டே 1990கள்ல இண்டோ ஜாஸ் ஃப்யூஷன்ஸை மறுபடி ஆரம்பிச்சாரு, 2004ல லண்டன்ல கார் மோதி இறந்துட்டாரு. கரீபியன் வம்சாவளில லண்டன்ல பொறந்து ஜாஸ் பண்றவங்க இன்னைக்கு எத்தனையோ பேரு இருக்காங்க, கோர்ட்னி பைன்ல ஆரம்பிச்சு ஷபாகா ஹட்சிங்ஸ், நூபியா கார்சியான்னு, கலிப்ஸோவும் ரெக்கேயும் அவங்க ஜாஸுக்குள்ள கூச்சமே இல்லாம வருது. 1960லயே அதைப் பண்ணவரு பேரு இப்போ பேட்டிகள்லயும் கட்டுரைகள்லயும் அடிக்கடி வருது.

எதுல இருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

ஜாஸே புதுசுன்னா ஃப்ரீ ஃபார்ம்ல குதிக்காதீங்க. ‘சதர்ன் ஹொரைசன்ஸ்’ல ஆரம்பிங்க, அது பீபாப் தான், மெலடி பிடிபடும், அவரோட டோன் காதுல உட்கார்ந்துடும். அடுத்தது ‘ஹம் தோனோ’. அப்புறம் ‘ஃப்ரீ ஃபார்ம்’ல ‘கலிப்ஸோ ஸ்கெட்சஸ்’, ஏன்னா அதுல ஆடவைக்கிற ஒரு ரிதம் இருக்கு, அதைப் பிடிச்சுக்கிட்டே மத்ததெல்லாம் எப்படிக் கழண்டு போகுதுன்னு கவனிக்கலாம். ‘அப்ஸ்ட்ராக்ட்’ கடைசியா வச்சுக்கோங்க, ஹெட்ஃபோன் போட்டு கேளுங்க, முதல் தடவை ஷேக் கீன் ட்ரம்பெட்டை மட்டும் பின்தொடருங்க, அடுத்த தடவை கோல்ரிட்ஜ் குட் பாஸை மட்டும், ஒவ்வொரு தடவையும் அது வேற பாட்டா கேட்கும். ‘இண்டோ ஜாஸ் ஃப்யூஷன்ஸ்’ எப்போ வேணாலும் கேட்கலாம், வீட்டுல சங்கீதம் தெரிஞ்ச பெரியவங்க இருந்தா ராகம் பேரைச் சொல்லாம ‘முல்தானி’யைப் போட்டு விடுங்க, அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்கிறதே தனி சுவாரசியம்.